உடம்புக்குள் முளைத்த பிசிர்

தாத்தா பகலெல்லாம் சுருட்டுப் பிடிப்பார். பகலில் ஒரு தடவைகூட இருமமாட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதோடு சரி. தூக்கத்திலும் இருமல் கிடையாது. விடிந்ததும் திண்டுக்கல் நாகல் நகர் வீட்டுத் திண்ணையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், விலா நோக நோக அரைமணி நேரம் இருமிக் கெட்டிச் சளியாகத் துப்புவார். பிறகு அன்றைய முதல் சுருட்டைப் பற்றவைப்பார். இருமல் நின்றுவிடும். "பாத்தியாடா, இது பட்டாத்தான் நெஞ்சு அடங்குது. எனக்கு இதுதான் மருந்து" என்பார். அப்பத்தா பதில் சொல்லாமல் வெந்நீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

பத்து வயதில் அந்த வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. புகையால்தான் இருமல் என்றால் புகைக்கும்போதல்லவா வரவேண்டும்? எட்டு மணி நேரம் புகையே படாமல் கிடந்த நெஞ்சு எதற்காக விடிகாலையில் இருமுகிறது? மறுபடி புகை பட்டதும் ஏன் அடங்குகிறது?

திண்டுக்கல்லில் இந்தக் கேள்வியைச் சுமக்காத பழைய குடும்பம் குறைவு. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர் இது. பக்கத்து வேடசந்தூரில் 1948ல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. புகையிலை காயும் வாசனை எங்களுக்கு வீட்டு வாசனை.

விடை மூச்சுக்குழலின் உள்சுவரில் இருக்கிறது. மூச்சுக்குழல், குடல், தோல், காதின் உள்ளறை எல்லாவற்றையும் செல்களால் ஆன ஒரு விரிப்பு போர்த்தியிருக்கிறது. நம் பாடநூல்கள் இதை எபிதீலியத் திசு என்கின்றன. இலங்கைத் தமிழர் மேலணி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். மேலணிச் செல்லுக்கு அடிப்பக்கம் ஒன்று உண்டு, அது கீழுள்ள திசுவில் ஊன்றி நிற்கும். பக்கவாட்டில் அண்டைச் செல்களோடு இறுகக் கட்டுண்டிருக்கும். மேல்முகம் மட்டும் எதையும் தொடாமல் திறந்து கிடக்கும். காற்றோ சோறோ சத்தமோ வந்து சேருவது அந்த முகத்தில்தான். அதனால் அங்கேதான் செல் தன் கருவிகளை முளைக்க வைத்திருக்கிறது.

மூச்சுக்குழலில் அந்தக் கருவி மயிர்போல நீண்ட இழை. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதன் பெயர் குறுயிழை, இலங்கையில் பிசிர். பஞ்சாலை ஊர்க்காரனுக்குப் பிசிர் என்றால் உடனே புரியும், நூலை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரமெல்லாம் சிலிர்த்து நிற்குமே, அது. மூச்சுக்குழலின் ஒரு செல்லில் சுமார் 200 பிசிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறேழு பங்கு நீளம். நூல் பிசிரோடு ஒரே வேற்றுமை, இவை சும்மா நிற்பதில்லை. ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கின்றன.

அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அப்பத்தா வாசல் கூட்டுவதைப் பார்த்தால் தெரியும்: விளக்குமாறு முன்னே போகும்போது தரையில் அழுந்தும், திரும்பும்போது தரையை விட்டு விலகும். பிசிரும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக. மூச்சுக்குழலின் சுவரில் முதலில் தண்ணீர் போன்ற மெல்லிய திரவம், அதன்மேல் பிசுபிசுப்பான சளிப்படலம். முன்னடியில் பிசிர் விறைத்து நிமிர்ந்து, நுனியால் சளியைக் கொக்கிபோல மாட்டித் தள்ளும். பின்னடியில் வளைந்து குனிந்து, தண்ணீருக்குள்ளேயே பதுங்கித் திரும்பும். பக்கத்துப் பிசிர் ஒரு கணம் பிந்தி அதையே செய்யும், அதற்கடுத்தது இன்னொரு கணம் பிந்தும். மழை பெய்த மறுநாள் சுவரோரம் ஊரும் மரவட்டையின் கால்களில் அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே அலை.

இதனால் சளி மேல்நோக்கி நகர்கிறது. மூச்சுக்குழலில் அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். குழலின் நீளம் ஒரு சாண் கூட இல்லை, பதினொரு சென்டிமீட்டர் போல. கீழ்முனையில் ஒட்டிய தூசி இருபது முப்பது நிமிடத்தில் தொண்டைக்கு வந்துவிடும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இரவும் பகலும் இது நடக்கிறது.

புகையில் உள்ள அக்ரோலின், ஹைட்ரஜன் சயனைடு போன்றவை இந்தப் பிசிர்களை மந்தமாக்குகின்றன. அதே புகை, சளி சுரக்கும் செல்களை அதிகமாகச் சுரக்கவும் வைக்கிறது. குப்பை கூடுகிறது, கூட்டுகிற கை ஓய்கிறது. தாத்தா தூங்கிய எட்டு மணி நேரத்தில் பிசிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து அடிக்கத் தொடங்கியிருக்கும். படுத்தே கிடந்ததால் தேங்கிய சளியும், முந்தைய நாள் சேர்ந்த சளியும் விடிகாலையில் ஒன்றாக மேலே வந்தன. அந்த இருமல் அவர் நெஞ்சு தன்னைச் சுத்தம் செய்துகொண்ட சத்தம். முதல் சுருட்டு அதை அடக்கியது என்று அவர் சொன்னது பொய்யில்லை. சளியைத் தள்ளிக்கொண்டிருந்த பிசிர்களை அது மறுபடி மயக்கிப் போட்டது.

கண்ணுக்குத் தெரியாத இழையைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரிந்தது? 1834ல் புர்க்கினியே, வாலன்டின் என்ற இருவர் முயலின் கருக்குழாயில் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெட்டியெடுத்த குழாய்த் துண்டின் ஓரத்தில் ஏதோ ஓயாமல் துடிப்பதைக் கண்டார்கள். பிறகு மூச்சுக்குழலிலும் அதையே பார்த்தார்கள். தவளையின் மேலண்ணத்திலும் பிசிர் உண்டு. அங்கே ஒரு துகளை வைத்தால் தானாகவே தொண்டைப் பக்கம் நகரும். கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகக் காட்டிய சோதனை அது. ஸ்வீடனைச் சேர்ந்த டால்ஹாம் என்பவர் 1950, 60களில் உயிருள்ள விலங்குகளின் மூச்சுக்குழலையே நுண்ணோக்கியில் பார்த்தபடி, எரிச்சலூட்டும் வாயுக்களையும் சிகரெட் புகையையும் செலுத்தி, பிசிரின் துடிப்பு தளர்ந்து நிற்பதைப் பதிவு செய்தார்.

மனிதர்மேல் செய்ய இதைவிட எளிய சோதனை இருக்கிறது, எனக்கே செய்திருக்கிறார்கள். தீராத மூக்கடைப்புக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிருந்தேன். அவர் சாக்கரின் தூளில் ஒரே ஒரு துணுக்கை எடுத்து மூக்குக்குள் ஒரு விரற்கடை தூரத்தில் வைத்தார். தும்மக்கூடாது, உறிஞ்சக்கூடாது, தலையைக் குனியக்கூடாது. அவ்வப்போது எச்சில் விழுங்கலாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பதினாலாவது நிமிடம் நாக்கின் அடியில், எங்கிருந்தோ, ஒரு தித்திப்பு. மூக்கின் பிசிர்கள் அந்தத் துணுக்கைச் சளியில் ஏற்றிப் பின்னால் கொண்டுவந்து தொண்டையில் இறக்கியிருந்தன. இருபது நிமிடத்துக்குள் இனித்தால் நல்லது. அரைமணி தாண்டினால் பிசிரில் கோளாறு இருக்கலாம். என் உடம்புக்குள் கோடிக்கணக்கான இழைகள் வேலை செய்வதை நாக்கால் அறிந்த அந்தப் பதினாலு நிமிடத்தை நான் மறக்கவில்லை.

பிசிரை அசைப்பது எது என்பதை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. 1950களில் பிசிரைக் குறுக்கே சீவிப் பார்த்தார்கள். உள்ளே நுண்குழல்கள்: சுற்றிலும் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. பரமீசியம் என்ற ஒருசெல் உயிரிலும் அதே அமைப்பு, மனித மூச்சுக்குழலிலும் அதே, விந்தணுவின் வாலிலும் அதே. ஜோடிகளுக்கு இடையில் குட்டிக் கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இயான் கிப்பன்ஸ் அந்தக் கைகளைப் பிரித்தெடுத்து, அவை எரிபொருளைச் செலவழித்து விசை தரும் புரதம் என்று காட்டினார். 1965ல் அதற்கு டைனீன் என்று பெயர் வைத்தார்.

கைகள் இழுக்கட்டும், அதற்காக இழை ஏன் வளையவேண்டும்? விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவி, ஒட்ட வைத்து, அடியில் நூலால் இறுகக் கட்டுங்கள். மேலே ஒன்றை மட்டும் மற்றதன்மேல் சறுக்கித் தள்ளிப் பாருங்கள். அடிக்கட்டு விடாததால் சறுக்க முடியாமல் இரண்டும் சேர்ந்து வளையும். கட்டை அவிழ்த்துவிட்டால் ஒன்று நழுவி நீண்டுகொண்டே போகும். 1971ல் சம்மர்ஸும் கிப்பன்ஸும் செய்தது ஏறக்குறைய இதுதான். கடல் முள்ளெலியின் விந்தணு வாலை எடுத்து, டிரிப்சின் என்ற செரிமான நொதியால் உள்ளே இருந்த கட்டுகளை மட்டும் அரித்துவிட்டு, எரிபொருள் ஊட்டினார்கள். வால் வளையவில்லை. குழல்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, துண்டு தன் நீளத்தைப்போலப் பல மடங்கு நீண்டு சிதறியது. கட்டு இருந்தால் வளைவு, கட்டு அறுந்தால் நழுவல். எனக்குத் தெரிந்த உயிரியல் சோதனைகளில் மிகத் தெளிவானது இது.

ஐந்து வருடம் கழித்து இன்னொரு கதவு திறந்தது. விந்தணு நீந்தாததால் குழந்தையில்லாத ஆண்கள் சிலரை அஃப்செலியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பரிசோதித்தார். அவர்களின் வாலிழையில் டைனீன் கைகளையே காணோம். அவர்களுக்குச் சிறுவயது முதலே நெஞ்சுச்சளியும் சைனஸும் இருந்தன. பிசிர் அடிக்காவிட்டால் சளி தேங்கும், அதில் வியப்பில்லை. வியப்பு வேறு: அவர்களில் சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. கரு உருவான சில வாரங்களில் அதன் நடுவிலுள்ள சிறு குழியில் பிசிர்கள் சுழன்று, திரவத்தை ஒரே பக்கமாக ஓட்டுகின்றன. இடம் எது வலம் எது என்று உடம்பு முடிவு செய்வது அந்த ஓட்டத்தை வைத்து. 1998ல் ஜப்பானில் எலிக்கருவில் அதை நேரில் பார்த்தார்கள். ஓட்டம் இல்லாத கருவில் பூவா தலையா போட்டதுபோலப் பாதிப் பேருக்கு இதயம் மாறிவிடுகிறது.

ஊருக்குத் திரும்புகிறேன். என் அத்தை இருபத்திரண்டு வருடம் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். முதலில் கார்டிங், பிறகு ஸ்பின்னிங். பஞ்சைப் பிரித்து உதறும் புளோரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். "லீவு முடிஞ்சு போற மொத நாளுதாண்டா நெஞ்சைப் பிடிக்கும், மறுநாள் சரியாயிரும்" என்பார். அவர் அறியாமல் சொன்னது பிசினோசிஸ் என்ற நோயின் அடையாளத்தை. வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவதுதான் அதன் தொடக்கம். பஞ்சோடு வரும் இலைத் துணுக்குகளில் வாழும் பாக்டீரியாக்களின் நஞ்சு இதற்குப் பெரிய காரணம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருந்தது.

தூசியின் அளவைப் பொறுத்துத்தான் பிசிரால் உதவ முடியும். பெரிய துகள்கள் மூக்கிலேயே நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பங்கு உள்ளவை மூச்சுக்கிளைகளில் ஒட்டும், பிசிர் அவற்றை மேலே ஏற்றிவிடும். அதைவிட நுண்ணியவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே பிசிர் கிடையாது. சுவர் அவ்வளவு மெல்லிசு. தூசியை விழுங்கும் செல்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். புருவத்தில் தெரியும் பஞ்சைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு நாம் அதிகம் பயப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிசிர் பட்டுப்போனால் திரும்ப முளைக்குமா? முளைக்கும். மூச்சுக்குழலின் அடிச்செல்கள் புதிய பிசிர்ச் செல்களை உண்டாக்க வல்லவை. புகை நின்றால் சில வாரங்களில் துடைப்பு திரும்பத் தொடங்கும், முழுதாகத் தேற மாதங்கள் ஆகும். இடையில் ஒரு சிக்கல்: பிசிர் தேறத் தேற, தேங்கிய சளி கிளம்பும், இருமல் முன்னைவிட அதிகமாகும். தாத்தா அறுபத்தெட்டாம் வயதில் சுருட்டை விட்டார். இரண்டு வாரம் இருமல் கூடியது. "விட்டதுதாண்டா தப்பாப் போச்சு" என்று மூன்றாம் வாரம் மறுபடி பற்றவைத்தார். அந்த இருமல் தேறுவதன் அறிகுறி என்று சொல்ல அன்று வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதை நான் எழுதுவதற்கே அதுதான் காரணம்.

குடலின் மேலணியிலும் இழைகள் உண்டு. பழைய நுண்ணோக்கியில் அவை செல்லின் விளிம்பில் கோடு போட்ட பட்டையாக மட்டும் தெரிந்தன. 1950 வாக்கில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான விரல்கள் நெருங்கி நிற்பது தெரிந்தது. இவை நுண்ணுறிஞ்சிகள். குடலில் வெறும் கண்ணுக்கே வெல்வெட்போலத் தெரியும் குடலுறிஞ்சி வேறு. அது பல செல்களால் ஆன மேடு. நுண்ணுறிஞ்சி அந்த மேட்டிலுள்ள ஒவ்வொரு செல்லின்மேலும் நிற்பது. இதற்குள் ஒன்பது ஜோடி குழல் கிடையாது, ஆக்டின் என்ற புரத நார்க்கட்டுதான். பிசிர்போல வீசி அடிக்காது. துவர்த்துத் துண்டைவிடப் பூந்துண்டு ஏன் அதிகம் ஈரம் இழுக்கிறது? சுருள் சுருளாக நூல் நிற்பதால் பரப்பு கூடுகிறது. அதே வேலை. குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் என்று நாங்கள் படித்தோம். 2014ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் மறுபடி அளந்து, முப்பது சதுர மீட்டர் சொச்சம், அதாவது பாதி பாட்மின்டன் மைதானம்தான் என்றார்கள். அதிலும் நுண்ணுறிஞ்சிகள் மட்டும் பரப்பைப் பதின்மூன்று மடங்கு பெருக்குகின்றன.

பரப்போடு முடிவதில்லை. சோற்றின் மாவுச்சத்தைக் கடைசியாகக் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளும், பால் சர்க்கரையை உடைக்கும் நொதியும் இந்த விரல்களின் தோலிலேயே பதிந்திருக்கின்றன. வயிற்றுப்போக்கில் விரல்கள் உதிர்ந்தால் பால் நொதியும் போய்விடும். வயிறு கழிந்த பிள்ளைக்குப் பால் வேண்டாம், மோர் கொடு என்று அப்பத்தா சொன்னதன் உட்பொருள் இது. நல்லவேளை, குடற்செல்கள் நாலைந்து நாளில் முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன.

குளுக்கோஸ் உள்ளே போகும் வாசலும் அங்கேதான். அதற்கு எங்கள் ஊர் உவமையே பொருந்தும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு உங்களுக்குத் தெரியும். பேங்க் லாக்கரைப்போல இரண்டு சாவி போட்டால் மட்டும் திறக்கும் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவி உப்பிலுள்ள சோடியம், இன்னொன்று குளுக்கோஸ். இரண்டும் சேர்ந்தால்தான் வாசல் திறக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். இப்படி இருக்கலாம் என்று ராபர்ட் கிரேன் 1960ல் சொன்னார். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டும்போதும் இந்தப் பூட்டு பழுதாவதில்லை. 1971ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் அதே பூட்டைத் திறக்கும்.

மூன்றாவது இழை காதின் உள்ளறையில் இருக்கிறது. ஒரு காதில் சுமார் பதினாறாயிரம் கேள்விச்செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் படிக்கட்டுபோல ஏறி நிற்கும் விறைத்த இழைகள். பார்வைக்குப் பிசிர் என்று நினைத்து அந்தக் குடும்பப் பெயரையே வைத்துவிட்டார்கள். உள்ளே பார்த்தால் ஆக்டின் நார், குடல் விரலின் உறவு. ஒரு படியின் நுனியை அடுத்த படியோடு மெல்லிய இழை கட்டியிருக்கிறது. ஒலி அசைக்கும்போது அந்தக் கட்டு இழுபட்டுக் கதவு திறக்கும். செல் நரம்புக்குச் செய்தி சொல்லும். நாள்தோறும் எட்டு மணி நேரம் ஸ்பின்னிங் பிரிவின் இரைச்சலில் இந்தப் படிகள் சாய்ந்து, ஒட்டி, ஒடிந்து, கடைசியில் செல்லே செத்துவிடுகிறது. கோழிக்கு இந்தச் செல் திரும்ப வளர்வதை 1980களில் கண்டார்கள். நமக்கு வளர்வதில்லை. பிறக்கும்போது கிடைத்ததுதான்.

மில்லில் அத்தையும் அவர் தோழிகளும் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார்கள். கையெட்டும் தூரத்தில் அதுதான் இருந்தது. பஞ்சு மிகக் கொஞ்சம் சத்தத்தையே தடுக்கும். அழுத்திச் செருகும் நுரை அடைப்பானோ காதை மூடும் கவசமோ வேண்டும். ஆலை அதைக் கொடுக்கவேண்டும், போட்டுக்கொள்ள நேரமும் விடவேண்டும்.

இரைச்சல் முதலில் அழிப்பது கீச்சுக்குரலைக் கேட்கும் செல்களை. அதனால் அத்தைக்கு லாரி ஹாரன் கேட்கும், கோயில் மேளம் கேட்கும். ஸ, ச, த போன்ற மெல்லிய எழுத்துகள் நழுவிவிடும்; பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. போன மாதம் பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வயதுப் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டைச் சொல்லவந்தாள். எட்ட நின்று சொல்லவில்லை. நேரே போய் மடியில் ஏறி, அத்தையின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அம்மாச்சி, என் வாயப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பாடினாள். அத்தை அந்த உதடுகளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.